நாலு மணி நேரம் பத்து நிமிஷம்

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "செல்போனின் நன்மை தீமைகள்" என்று ஒன்றை எழுதிக் கொடுத்துத் தப்பித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போன மலரில் அந்தத் தலைப்பில் இரண்டு கட்டுரை இருந்தது. மூன்றாவதாக இன்னொன்று வந்தால் யாரும் கண்டுகொள்ளப் போவதில்லை. ஆனால் நண்பர்களே, உங்களுக்கு நான் ஒரு கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்தாவது செமஸ்டர் தொடங்கியபோது இருபத்தாறு நாள் நான் கல்லூரிப் பக்கமே வரவில்லை. வருகைப் பதிவு குறைந்து, கண்டனேஷன் பணம் கட்டி, எச்.ஓ.டி. சாரிடம் கையெழுத்துக்காக மூன்று நாள் நின்றேன். "தம்பிக்கு உடம்பு சரியில்லை" என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். மீதி யாருக்கும் தெரியாது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா செங்கல் சூளையில் கல் அறுக்கிறார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போவாள், மற்ற நாட்களில் அவளும் சூளைதான். தம்பி என்னைவிட ஐந்து வயது சின்னவன். எட்டாம் வகுப்பில் கபடி டீமில் இருந்தவன், திடீரென்று படியேறவே மூச்சு வாங்க ஆரம்பித்தான். முகம் வெளுத்தது. காலில் கொசு கடித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள். பக்கத்து ஊர் டாக்டர் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை, "நேரா சென்னைக்குப் போங்க" என்றார்.

சென்னையில் இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்துச் சொன்ன பெயர் 'அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா'. ரத்தப் புற்றுநோய். அப்பா கேட்ட முதல் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "கேன்சர்னா புண்ணு இருக்கணுமே, புண்ணு எங்கய்யா இருக்கு?"

நான்தான் அப்பாவுக்கு விளக்கினேன். "அப்பா, எலும்புக்குள்ள ஒரு சூளை இருக்கு. அதுல சிவப்பு கல்லு, வெள்ளைக் கல்லு எல்லாம் வெந்து வெளிய வரணும். இவனுக்கு வேகாத பச்சைக் கல்லாவே வந்து குவியுது. சூளை முழுக்க அதுவே அடைச்சிக்கிச்சு. நல்ல கல்லுக்கு இடமில்ல." அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப சூளையப் பிரிச்சு மொத்தத்தையும் வெளிய தள்ளிட்டு மறுபடி அடுக்கணும்" என்றார். கீமோதெரபி என்றால் என்ன என்பதை அதைவிடச் சுருக்கமாக எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை.

மருந்துகளைப் பற்றி இரண்டு வார்த்தை. தம்பிக்கு வாராவாரம் ஏற்றிய வின்கிரிஸ்டின் என்ற மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருகிறது. நாம் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கி, சாமிக்கு வைக்காத அதே பூ. முதுகுத் தண்டில் ஊசியாகப் போட்ட மெத்தோட்ரெக்சேட்டின் அண்ணன் மாதிரியான ஒரு மருந்து அமினோப்டெரின். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1923-ல் அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான ஆராய்ச்சிக் குழுவில் உருவானது அது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 10 பேருக்கு நோய் தணிந்ததாக 1948-ல் எழுதினார். தணிந்ததே தவிர நிலைக்கவில்லை. ஆனாலும் அதற்கு முன் அதுகூடக் கிடையாது. சுப்பாராவ் அதே 1948-ல் இறந்துபோனார். நம் ஜெனரல் நாலெட்ஜ் புத்தகங்களில் இவர் பெயரை எத்தனை பக்கத்தில் பார்த்திருக்கிறீர்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சூளையைப் பிரிக்கும்போது நல்ல கல்லும் சேர்ந்துதான் போகும். ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்று ஒரு வகை வெள்ளணு இருக்கிறது. உடம்புக்கு வாட்ச்மேன். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் இது 500-க்குக் கீழே போனால் ஆபத்து, 100-க்குக் கீழே போனால் பெரிய ஆபத்து. அமெரிக்காவில் ஜெரால்டு போடி என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் 1966-ல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அணு எவ்வளவு குறைகிறது என்பதோடு, எத்தனை நாள் குறைந்தே கிடக்கிறது என்பதும் முக்கியம். அதனால் வார்டில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் தெர்மாமீட்டர். 101 டிகிரி ஒரு தடவை காட்டினாலோ, 100.4 ஒரு மணி நேரம் நின்றாலோ ராத்திரி, பகல் பார்க்காமல் ஓடி வர வேண்டும். வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். வீட்டில் காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது பாடம் லைன். அடிக்கடி ஊசி குத்தினால் நரம்பு கெட்டுவிடும் என்று, மேல் கையில் துளை போட்டு இதயத்துக்குப் பக்கம் வரை போகிற மெல்லிய ட்யூப் ஒன்றை வைத்திருந்தார்கள். மருந்து, ரத்தம், குளுக்கோஸ் எல்லாம் அதன் வழியாகத்தான். அதன் வாய் மேல் ஒட்டியிருக்கும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டரில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது. பட்டுவிட்டால் உடனே வந்து சொல்ல வேண்டும். சிஸ்டர் இதைச் சொல்லிவிட்டு என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். வைவா மாதிரி. நானும் சரியாகச் சொன்னேன்.

செமஸ்டர் லீவின் கடைசி வாரம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடியில் வாடகை ரூம். அம்மா காப்பீட்டு அட்டை விஷயமாக ஊருக்குப் போயிருந்தாள். நானும் தம்பியும் மட்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை. சென்னை வெயில், கரண்ட் இல்லை. தம்பிக்குத் தலையில் ஒரு முடி இல்லை, வேர்வை வழிகிறது. "அண்ணே, ஒரே ஒரு தடவை தலைக்கு ஊத்துண்ணே, இருபது நாளாச்சு" என்றான். கையில் பாலிதீன் கவரைச் சுற்றி, இரண்டு பக்கமும் ரப்பர் பேண்டு போட்டு, பைப்படியில் உட்காரவைத்து ஊற்றினேன். அவன் சிரித்தான். இரண்டு மாதத்துக்கு அப்புறம் அவன் சிரித்ததைப் பார்த்ததில் நானும் இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு என்று ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

கவரைக் கழற்றினால் உள்ளே தண்ணீர். பிளாஸ்டரின் ஓரம் பிரிந்து நனைந்திருந்தது.

அப்போதே ஆஸ்பத்திரிக்கு நடந்து போயிருந்தால் ஏழு நிமிஷம். நான் என்ன செய்தேன் தெரியுமா? துண்டால் ஒற்றினேன். காய்ந்ததும் ஓரத்தில் ஒரு டேப்பை ஒட்டினேன். சொன்னால் சிஸ்டர் திட்டுவார். அம்மாவுக்குத் தெரிந்தால் "படிச்ச பையன்னு உன்னை நம்பி விட்டேனே" என்பாள். அந்தச் சொல்லுக்குத்தான் பயந்தேன். வீட்டில் படித்தவன் ஒருவன்தான் என்றால் அவன் தப்பே செய்யக்கூடாது. அது ஒரு பாரம், உங்களில் பலருக்கும் அது தெரியும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சிஸ்டர் வழக்கம்போல லைனை உப்புத் தண்ணீர் விட்டு அலசினார். அரை மணி நேரத்தில் தம்பிக்கு நடுக்கம் எடுத்தது. சாதாரண நடுக்கம் இல்லை, கட்டில் ஆடியது. 103. வெள்ளணு மொத்தமே 400, அதில் நியூட்ரோஃபில் 60. டாக்டரம்மா ஓடி வந்தார். லைனைப் பார்த்தார். "தம்பி, தண்ணி ஏதாவது பட்டுதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க டாக்டர்" என்றேன்.

ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க இரண்டு கல்ச்சர் பாட்டில் எடுத்தார்கள். ஒன்றில் லைன் வழியாக எடுத்த ரத்தம், இன்னொன்றில் மற்றக் கையில் நேராகக் குத்தி எடுத்த ரத்தம். ஒரே நேரம், ஒரே அளவு. உடனே ஆன்டிபயாட்டிக்கும் ஏறியது. பாட்டில்களை லேபுக்கு எடுத்துப் போக ஆள் இல்லாததால் என் கையில் கொடுத்தார்கள். வெதுவெதுப்பாக இருந்தன. இப்போது நினைத்தாலும் உள்ளங்கையில் அந்தச் சூடு தெரிகிறது.

லேபில் இருந்த டெக்னீசியன் அண்ணன் நம்மைப் போலப் பட்டயம் படித்தவர்தான், மெடிக்கல் லேப் பக்கம். நான் இ.சி.இ. என்றதும் "வா, உனக்குப் பிடிக்கிறது ஒண்ணு காட்டுறேன்" என்று மெஷினைக் காட்டினார். பீரோ மாதிரி இருக்கிறது. உள்ளே உடம்புச் சூட்டில் பாட்டில்கள் வரிசையாகப் படுத்து ஆடிக்கொண்டிருக்கின்றன. ரத்தத்தில் கிருமி இருந்தால் அது பாட்டிலில் உள்ள சத்தைத் தின்று பெருகி, கார்பன் டை ஆக்ஸைடு விடும். அந்த வாயு பாட்டிலின் அடியில் இருக்கும் ஒரு வில்லையின் நிறத்தைப் பச்சையிலிருந்து மஞ்சளாக மாற்றும். ஒவ்வொரு பாட்டிலுக்குக் கீழேயும் ஒரு சிவப்பு எல்.இ.டி., ஒரு போட்டோ டயோடு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளிச்சத்தை அடித்து, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கிறது. நிறம் மாறினால் மணி அடிக்கும். அவ்வளவுதான்!

நாலாவது செமஸ்டரில் நாம் எல்லாரும் செய்த அதே எல்.இ.டி. போட்டோ டயோடு எக்ஸ்பெரிமென்ட். ரீடிங்கைப் பக்கத்து டேபிளைப் பார்த்து எழுதினோமே, அதேதான். ஒரு உயிர் அந்த ரீடிங்கில் தொங்கும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் ஒழுங்காக எடுத்திருப்பேன்.

புதன்கிழமை விடியற்காலை 5 மணிக்கு லைன் பாட்டில் மணி அடித்தது. கை பாட்டில் 9 மணி 10 நிமிஷத்துக்கு அடித்தது. டெக்னீசியன் அண்ணன் தாளில் இரண்டு நேரத்தையும் எழுதிவிட்டு, "லைன்லதான் இருக்கு" என்றார். எப்படிச் சொல்கிறீர்கள் என்றேன். "ரெண்டு மணி நேரத்துக்கு மேல வித்தியாசம் இருந்தாலே லைன் மேலதான் சந்தேகம். கிருமி எங்க கூட்டமா இருக்கோ அந்தப் பாட்டில் முதல்ல அடிக்கும். இது நாலு மணி நேரம் பத்து நிமிஷம்."

சிக்னல் ஒன்றுதான், இரண்டு இடத்தில் அளக்கிறோம், எது முன்னால் வருகிறதோ அந்தப் பக்கம்தான் சோர்ஸ். இதைப் புரிந்துகொள்ள எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தாளில் எழுதியிருந்த நேரம் என்னைத்தான் கைகாட்டியது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

மைக்ராஸ்கோப்பில் கிராம் நெகட்டிவ் குச்சிக் கிருமி தெரிந்தது. உடனே மெரோபெனம் என்ற மருந்துக்கு மாற்றினார்கள். ரத்தப் புற்றுநோய் வார்டில் மற்ற ஆன்டிபயாட்டிக் தோற்றால் இதைத்தான் எடுப்பார்கள். லைனை எடுத்துவிட்டால் மறுபடி நரம்பு கிடைப்பது கஷ்டம், ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். அன்று ராத்திரி காய்ச்சல் 104. ரத்த அழுத்தம் இறங்கியது. தட்டணு 9,000-க்கு வந்து மூக்கில் ரத்தம். தட்டணு கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். அம்மா தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா சூளையிலிருந்து அப்படியே பஸ் ஏறி வந்தவர், கையில் காய்ந்த மண்ணோடு சுவரோரம் நின்றார். யாருக்குப் போன் செய்வது? உங்களுக்குத்தான் செய்தேன்.

ஹாஸ்டலிலிருந்து ஐந்து பேர் ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தீர்கள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், அதனால் போடவில்லை. அதில் ஒருவன் மெக்கானிக்கல், எனக்கு அதற்கு முன் பேசிப் பழக்கம்கூட இல்லை. ஒருவனை எடை போதாது என்று திருப்பிவிட்டார்கள். அவன் விடிய விடிய எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தான். ஊசியைப் பார்த்ததும் மயக்கம் போட்டவனும் இருக்கிறான், அவனும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கையை நீட்டினான். ஒருவர் உடம்பிலிருந்து ரத்தத்தை எடுத்து, மெஷினில் சுற்றித் தட்டணுவை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியைத் திருப்பி அவருக்கே ஏற்றுகிறார்கள். ஒன்றரை மணி நேரம் ஆகிறது. எடுத்த தட்டணுவை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, அறைச் சூட்டில் ஆட்டிக்கொண்டே வைக்க வேண்டும், ஐந்து நாளுக்கு மேல் தாங்காது. முன்கூட்டியே நிறையச் சேர்த்து வைக்க முடியாது. ஆள் வந்தால்தான் உண்டு. நீங்கள் வந்தீர்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் கிருமியின் பெயர் வந்தது. ஸ்டெனோட்ரோஃபோமோனாஸ் மால்டோஃபிலியா. டாக்டரம்மாவே அதை ஒரு தடவை படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். ரத்தப் புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் வழக்கமாக வருகிற ஈ.கோலை, கிளெப்சியெல்லா மாதிரி அடிக்கடி வருவதில்லை இது. நம் கல்லூரியில் அடிக்கடி பட்டப்பெயர் மாறுகிற ஆள் உண்டல்லவா, அந்த மாதிரி. 1961-ல் சூடோமோனாஸ் குடும்பத்தில் பெயர் வைத்தார்கள், 1983-ல் சாந்தோமோனாஸ் என்று மாற்றினார்கள், 1993-ல் இந்த நீளப் பெயர். முதல் பாதிக்குக் கிரேக்க மொழியில் 'கொஞ்ச வகையே தின்பது' என்று பொருளாம். மண்ணில் இருக்கும், செடி வேரில் இருக்கும், தண்ணீரில் இருக்கும். பைப்பின் உள்சுவரில் வழவழப்பாக ஒட்டிக்கொண்டு வாழும். பிளாஸ்டிக் ட்யூப் என்றால் அதற்குக் கொண்டாட்டம். உங்களையும் என்னையும் ஒன்றும் செய்யாது. நாம் தினம் அதோடுதான் குளிக்கிறோம். வாட்ச்மேன் இல்லாத வீட்டுக்குள் நுழைந்துவிட்டால்தான் வினை.

இன்னொரு கொடுமை, அது மெரோபெனமுக்கு அடங்காது. துத்தநாகம் வைத்துச் செய்த ஒரு நொதி அதனிடம் பிறவியிலேயே இருக்கிறது. மெரோபெனத்தைக் கத்தரி மாதிரி வெட்டிவிடும். இரண்டு நாளாக நாங்கள் கடன் வாங்கி ஏற்றிய மருந்தைக் கிருமி வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தது.

"இது தண்ணியில இருக்கற கிருமி" என்றார் டாக்டரம்மா. அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். அம்மா, "சத்தியமா பட்டிருக்காதுங்கம்மா, பெரியவன் கூடவே இருந்தான், அவன் படிச்சவன்" என்றாள்.

நான் டாக்டரம்மாவின் பின்னாலேயே வராண்டாவுக்குப் போனேன். சொல்லிவிட்டேன். அழவில்லை, ரிப்போர்ட் சொல்வதுபோல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி, பைப் தண்ணீர், பத்து நிமிஷம், மேலே டேப்.

அவர் என்னைத் தட்டிக் கொடுக்கவில்லை. "செவ்வாய்க்கிழமை கேட்டேனே" என்றார். பிறகு, "அன்னைக்கே சொல்லியிருந்தா நேத்தே லைனை எடுத்திருப்போம். சரி, இப்ப எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். வாசல் வரை போய்த் திரும்பி, "தம்பி, எங்க வார்டு பைப்புல இருந்தும் வந்திருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாது" என்றார். ஆறுதலுக்காகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

உங்கள் தட்டணுவை ஏற்றிவிட்டு அன்று சாயங்காலமே லைனை உருவினார்கள். மருந்து மாறியது. ஒன்று லெவோஃபிளாக்சசின். இன்னொன்று கோட்ரைமாக்சசோல். 1960-களின் கடைசியில் வந்த பழைய மருந்து, எந்தக் கிராமத்து மெடிக்கலிலும் கிடைக்கிற மாத்திரை. வேடிக்கை என்னவென்றால் வேறொரு நுரையீரல் தொற்று வராமல் இருக்க தம்பி அதை ஏற்கெனவே வாரக்கடைசியில் குறைந்த அளவில் சாப்பிட்டு வந்தான். பழகிய மருந்தாயிற்றே, கிருமி அதையும் தாங்கிக்கொண்டால் என்ன செய்வது? வெள்ளிக்கிழமை சென்சிட்டிவிட்டி ரிப்போர்ட் வருகிற வரைக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அந்த மருந்து வெள்ளணு ஏறுவதையும் தாமதப்படுத்தலாம் என்று வேறு சொன்னார்கள். வெள்ளி மத்தியானம் தாள் வந்தது. மருந்து கேட்கும் என்றிருந்தது. டெக்னீசியன் அண்ணன் டீ வாங்கித் தந்தார். என்னால் குடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை 99. அப்பா தெர்மாமீட்டரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு ஆங்கில எண் மட்டும் படிக்கத் தெரியும். நியூட்ரோஃபில் 500-ஐத் தாண்ட மேலும் ஒன்பது நாள் ஆயிற்று. மீதி நாள் மருந்து முடித்து நான் கல்லூரிக்குத் திரும்பியபோது முதல் யூனிட் டெஸ்ட் முடிந்துவிட்டிருந்தது.

தம்பி இப்போது ஒன்பதாம் வகுப்பு. கீமோவின் கடுமையான பகுதி முடிந்து மாத்திரையில் இருக்கிறான். இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட வேண்டும். முடி முளைத்துவிட்டது, முன்பு நேராக இருந்தது இப்போது சுருட்டை. அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அப்பா எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆனால் மலர் வீட்டுக்கு வந்தால் தம்பி முதல் ஆளாக எடுத்து உரக்கப் படிப்பான், அதனால் போன வாரம் ஊருக்குப் போனபோது கையெழுத்துப் பிரதியை அவனிடமே முதலில் கொடுத்தேன்.

திண்ணையில் உட்கார்ந்து முழுதும் படித்தான். கடைசிப் பக்கம் முடித்ததும் பேனா கேட்டான்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை இல்ல, சனிக்கிழமை. மறுநாள்தான் கரண்ட் வந்துச்சு."

"சரி, மாத்திடறேன்."

"தண்ணி உள்ள போனது எனக்கு அப்பவே தெரியும். ஜில்லுனு இருந்துச்சு."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ ஊத்தறத நிறுத்திடுவியே" என்றான்.

கிழமையை நான் மாற்றவில்லை. டாக்டரம்மாவிடம் நான் சொன்னது ஞாயிற்றுக்கிழமை என்றுதான்.

— மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு